சாரலில் மயங்கி அட்வான்ஸ் கொடுக்காதீங்க!
பண்பொழி பக்கம் மனை தேடுவோர் பார்க்க வேண்டியது என்ன?

தென்காசி,

ஆனி, ஆடி மாதத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியில் குளிப்பார்கள். பிரானூர் பார்டரில் பரோட்டா தின்பார்கள். திருமலைக்கோவில் மேலே நின்று நாலாபுறமும் பார்ப்பார்கள். கீழே பச்சைப்பசேல் வயல். வரிசை வரிசையாகத் தென்னை. பின்னால் மேகம் மூடிய மலை. முகத்தில் பூப்போல சாரல்.

அடுத்த நிமிஷம் டீக்கடையில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணாச்சி, இந்தப் பக்கம் மனை என்ன விலை போகுது?"

சென்னை வெயிலில் வெந்தவர்கள், மதுரைப் புழுதியில் நொந்தவர்கள், பென்ஷன் வாங்கப் போகிற குமாஸ்தாக்கள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு தனியாக இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த ஆசை உண்டு. "கடைசிக் காலத்தை இங்கேயே கழிச்சிடலாம்" என்று கணவன் சொல்ல, "பேரப்பிள்ளைகளும் லீவுக்கு வருவாங்க" என்று மனைவி தலையாட்ட, அன்று சாயங்காலமே ரோட்டோரத்தில் கலர் கொடி பறக்கிற மனைப்பிரிவில் கார் நிற்கும்.

ஆசைப்படுவது தப்பில்லை. ஆனால் 30 வருசம் சேர்த்த பி.எப். பணத்தை 30 நிமிஷத்தில் தூக்கிக் கொடுத்துவிட்டு, பிறகு பதிவு ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்தால் அந்தச் சாரலே கண்ணீராகிவிடும்.

எங்கேதான் குடியிருப்பது?

தமிழ்நாட்டில் எல்லாம் இருக்கிறது. மலை இருக்கிறது. கடல் இருக்கிறது. ஆற்றங்கரை இருக்கிறது. கரிசல் காடு இருக்கிறது. அந்தக் காலத்துப் புலவர்கள் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்தாகப் பிரித்தார்கள். இன்று 38 மாவட்டங்கள். எங்கே போனாலும் ஒரு அழகு, கூடவே ஒரு தொல்லை.

சென்னையில் வேலை உண்டு, ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாடியில் நின்று சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு கை நீட்டியவர்கள் அந்த நாட்களை மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து மறுபடியும் நினைவூட்டியது.

கடற்கரைக் காற்று சுகம்தான். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமியில் நாகப்பட்டினம் பட்ட பாடு உலகத்துக்கே தெரியும். டெல்டாவில் சோத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே ராத்திரியில் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது.

ஊட்டி, கொடைக்கானல் குளுகுளு. ஆனால் அங்கே இஷ்டத்துக்கு வீடு கட்ட முடியாது. கெடுபிடி அதிகம். கூட்டத்தைச் சமாளிக்க ஐகோர்ட்டு உத்தரவுப்படி 2024 மே 7-ந் தேதி முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறையே கொண்டு வந்துவிட்டார்கள்.

இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தால் பலருடைய விரல் வந்து நிற்கிற இடம் தென்காசி. அதிலும் மலையடிவாரத்து பண்பொழி.

இரண்டு மழைக்காரர்கள்

பண்பொழி, செங்கோட்டை தாலுகாவில் ஒரு பேரூராட்சி. ஊருக்கு மேற்கே மலை உச்சியில் குமரன் குடியிருக்கிற திருமலைக்கோவில். 500-க்கு மேற்பட்ட படிகள். மூச்சு வாங்குகிறவர்களுக்கு வண்டிப் பாதையும் இருக்கிறது. இன்னும் மேற்கே போனால் மேக்கரை, அடவிநயினார் அணை. அதையும் தாண்டினால் காடு, அப்புறம் கேரளத்து அச்சன்கோவில்.

இந்த ஊர்களுக்கு இரண்டு மழை. ஜூன் மாதம் கேரளாவில் கொட்டுகிற தென்மேற்குப் பருவமழையைத் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு வரவிடாமல் மலை தடுத்து நிறுத்திவிடும். ஆனால் ஆரியங்காவு பக்கம் மலையில் ஒரு இடைவெளி இருக்கிறது. கோட்டைச் சுவரில் திறந்து வைத்த வாசல் மாதிரி. அந்த வாசல் வழியாகத்தான் காற்றும் சாரலும் செங்கோட்டை, குற்றாலம், பண்பொழி பக்கம் எட்டிப் பார்க்கின்றன. அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் மற்ற ஊர்களைப் போல வடகிழக்குப் பருவமழையும் உண்டு.

ஆனால் தென்காசி மாவட்டம் முழுக்க இப்படி என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போனால் கரிசல் மண். வெயில் சுள்ளென்று அடிக்கும். அங்கே விசைத்தறி சத்தம். ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள். பாவூர்சத்திரத்தில் காய்கறி மார்க்கெட். புளியங்குடியில் எலுமிச்சை. சுந்தரபாண்டியபுரத்தில் சீசனுக்கு சூரியகாந்தி பூத்தால் கேரளாக்காரர்கள் குடும்பத்தோடு போட்டோ எடுக்க வந்து குவிகிறார்கள். ஒரே மாவட்டத்துக்குள் நாலு சீதோஷ்ணம். "தென்காசி பக்கம்" என்று புரோக்கர் சொன்னால் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

அந்தக் காலத்திலேயே!

ஓய்வுக்காலத்துக்கு இந்த மலையடிவாரத்தைத் தேடி வருவது புது நாகரிகம் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே நெல்லைச் சீமை வெள்ளைக்கார அதிகாரிகள் கோடை வெயில் தாங்காமல் குற்றாலத்துக்கு ஓடி வந்தார்கள். ஜாதிக்காய், லவங்கத் தோட்டம் கூட போட்டார்கள்.

ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் வக்கீலுக்குப் படித்தவர். இந்து அறநிலைய ஆணையராக இருந்தவர். பதவி முடிந்ததும் அவர் தேடி வந்து குடியேறிய இடம் குற்றாலம்தான். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டு விருந்தாளிகள். 1954-ல் மறையும் வரை டி.கே.சி. என்றால் குற்றாலம், குற்றாலம் என்றால் டி.கே.சி.

நம் காலத்தில் பேர் வாங்கிய ஆசாமி ஸ்ரீதர் வேம்பு. சோஹோ கம்ப்யூட்டர் கம்பெனியின் நிறுவனர். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இருந்தவர், 2019-ல் மூட்டை கட்டிக்கொண்டு தென்காசி அருகே மத்தளம்பாறைக்கு குடிவந்தார். அவருடைய கம்பெனி அதற்கு முன்பே, 2011-ல் இந்தப் பக்கம் சின்னதாக ஒரு ஆபீஸ் போட்டிருந்தது. பிறகு அது பெரிதாகி நூற்றுக்கணக்கான பேருக்கு வேலை கொடுத்தது. 2021-ல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வேட்டி சட்டையோடு சைக்கிளில் போகிற அவருடைய படத்தைப் பார்த்த பிறகு, "அமெரிக்காவே வேண்டாம்னு அவர் இங்கே வந்துட்டார், நமக்கென்ன?" என்று பட்டணத்தில் பலருக்கு சபலம் தட்டியது.

இன்னொரு பக்கம், ஊரைவிட்டு எங்கேயும் போகாமலே ஊரை உலகத்துக்குக் காட்டியவர் ஆய்க்குடி எஸ்.ராமகிருஷ்ணன். கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் 1975-ல் விபத்து. கழுத்துக்குக் கீழே உடம்பு செயல் இழந்தது. ஆனாலும் 1981-ல் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, மாற்றுத்திறனாளிகளுக்கு பள்ளிக்கூடம், சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று ஒரு கிராமத்தையே உருவாக்கினார். 2020-ல் அவருக்கும் பத்மஸ்ரீ.

எனவே இந்த மண்ணில் வாழ முடியுமா என்பது கேள்வியே இல்லை. ஒவ்வொருவர் கையிலும் உள்ள பணத்துக்கும், உடம்பில் உள்ள தெம்புக்கும் ஏற்ற இடம் எது என்பதுதான் கேள்வி.

ஓடைக்கரையில் உஷார்!

புரோக்கர் காட்டுகிற மனைகளில் விலை கூடின மனை எது தெரியுமா? பக்கத்தில் ஓடை சலசலக்கிற மனை. பயப்பட வேண்டியதும் அதே மனைக்குத்தான்.

2024 மே 17-ந் தேதி. பழைய குற்றால அருவியில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலைக்கு மேலே காட்டுக்குள் பெய்த மழை திடீர் வெள்ளமாக வந்தது. கூட்டம் அலறியடித்து ஓடியது. நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு பிணமாக மீட்கப்பட்டார். கீழே நிற்கிறவனுக்கு மேலே என்ன நடக்கிறது என்பது தெரியாது என்பதுதான் மலையடிவாரத்தின் முதல் பாடம்.

2023 டிசம்பர் 17, 18-ந் தேதிகளில் தென்மாவட்டங்களே மிதந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. தென்காசி மாவட்டமும் தப்பவில்லை. ஓடை, குளம், கால்வாய் எல்லாம் தன் பழைய பாதையைத் தேடி வந்தன. நடுவில் வீடு இருந்தால் தண்ணீருக்கு என்ன கவலை?

இந்த மாவட்டத்தில் மலையோரமாக ஐந்து அணைகள். கடனா 85 அடி. ராமநதி 84 அடி. கருப்பாநதி 72 அடி. குண்டாறு 36 அடி. மேக்கரை அடவிநயினார் 132 அடி. சின்ன அணையான குண்டாறுதான் பெரும்பாலும் முதலில் நிரம்பும். மனை வாங்கப் போகிறவர் அணை நிரம்பி உபரிநீர் போகிற பாதை எது, எந்தக் குளத்துக்கு எந்தக் கால்வாய் போகிறது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். வரைபடம் பொய் சொன்னாலும் சொல்லும், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற கிழவர் சொல்ல மாட்டார்.

ராத்திரி விருந்தாளி

பண்பொழி, வடகரை, மேக்கரை அடிவாரத் தோட்டக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் மழையைப் பற்றி ஒரு வார்த்தை, யானையைப் பற்றி பத்து வார்த்தை பேசுவார்கள். காட்டை விட்டு இறங்கும் யானைகள் தென்னையைச் சாய்க்கின்றன. வாழையை மிதிக்கின்றன. மாந்தோப்பை நாசம் செய்கின்றன. வனத்துறை ஊழியர்கள் வெடி வெடித்து விரட்டினால் ஒரு தோப்பை விட்டு அடுத்த தோப்புக்குப் போகும். விடிய விடிய தூக்கம் இல்லை.

"பண்ணை வீடு, மலையை ஒட்டி, அமைதியான சூழல்" என்று நோட்டீஸில் அச்சடித்திருப்பார்கள். அந்த அமைதி யாருக்குச் சொந்தம் என்பதை மட்டும் அச்சடிக்க மாட்டார்கள். அறுபது வயதுத் தம்பதி தனியாகக் குடியிருக்க நினைத்தால், மலையை ஒட்டிய தோட்டம் வேண்டாம். ஊருக்குள்ளே, நாலு வீட்டுக்கு நடுவே இருக்கிற மனையே மேல். மலையை மொட்டை மாடியில் நின்று பார்த்தாலும் அதே மலைதான்!

அக்கம்பக்கம் என்பது சாதாரண விஷயம் இல்லை. 2024 பிப்ரவரியில் புளியரை அருகே எஸ் வளைவில் நள்ளிரவுக்கு மேல் ஒரு லாரி கவிழ்ந்து கீழே ரெயில் தண்டவாளத்தில் விழுந்தது. சத்தம் கேட்டு எழுந்த வயதான தம்பதி, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் ஓடினார்கள். வந்துகொண்டிருந்த ரெயிலை வெளிச்சம் காட்டி நிறுத்திவிட்டார்கள். முதல்-அமைச்சர் அவர்களுக்கு ரூ.5 லட்சம் பரிசு கொடுத்தார். அப்படிப்பட்ட ஜனங்கள் வாழ்கிற மண் இது. அவர்களுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற பாக்கியத்தை விட்டுவிட்டு, வேலிக்குள்ளே தனியாக அடைந்து கிடப்பதில் என்ன லாபம்?

பத்திரம், பத்திரம்!

இனி காகித விஷயம். கோட்டை விடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது. அப்புறம் 2017-ல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டு வந்தது. 2016 அக்டோபர் 20-ந் தேதிக்கு முந்தைய மனைகளுக்குத்தான் அந்தச் சலுகை. அதற்குப் பிறகு வயலில் கல்லை நட்டு, பெயிண்ட் அடித்து, "இப்ப வாங்கிப் போடுங்க சார், அப்ரூவல் பின்னால வரும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அப்ரூவல் முன்னால் வரட்டும், அட்வான்ஸ் பின்னால் போகட்டும்.

நஞ்சை நிலத்தை மனையாக்குவது அவ்வளவு லேசு இல்லை. கலெக்டர் வரை போய் சம்மதம் வாங்க வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலையோரக் கிராமங்கள் பலவற்றுக்கு இன்னொரு பூட்டும் உண்டு. 1990 முதல் இருக்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமம். அந்தப் பட்டியலில் உள்ள கிராமம் என்றால் லே-அவுட் போட அவர்களிடமும் அனுமதி வாங்க வேண்டும்.

மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால் ரெராவில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்தது 30 வருசத்துக்கு வில்லங்க சான்று போட வேண்டும். பட்டா யார் பெயரில்? விற்கிறவர் பெயரிலா, செத்துப்போன தாத்தா பெயரிலா? தாத்தா பெயர் என்றால் வாரிசுகள் எத்தனை பேர், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்களா? கோவில் நிலமா, பஞ்சமி நிலமா, குளத்துப் புறம்போக்கா? வாய்ச்சொல் போதாது. தாலுகா ஆபீசில், வி.ஏ.ஓ.விடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செங்கோட்டை ஊர் 1956 நவம்பர் 1-ந் தேதிக்கு முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்தது. பிரானூருக்கு "பார்டர்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டதும் அதனால்தான். எல்லை மாறி இத்தனை வருசம் ஆகியும் பெயர் மாறவில்லை. பழைய திருவிதாங்கூர் காலத்துப் பத்திரம் கைக்கு வந்தால், அதைப் படிக்கத் தெரிந்த ஆளை வைத்துப் படிக்க வேண்டும். புரியாத பத்திரத்துக்கு புரோக்கர் சொல்வதே அர்த்தம் ஆகிவிடக்கூடாது.

குற்றாலத்தில் இயற்கையாக வருகிற தண்ணீரைத் திருப்பி, தனியார் விடுதிகள் சொந்தமாக அருவி உண்டாக்கிய விவகாரம் கோர்ட்டு வரை போனது. 2022-ல் ஐகோர்ட்டு மதுரைக் கிளை நடவடிக்கைக்கு உத்தரவு போட்டது. எனவே "நம்ம லே-அவுட்டுக்குள்ளேயே அருவி" என்று எவராவது ஆசை காட்டினால், வந்த வழியே திரும்பிவிடுவது நல்லது.

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

2019 நவம்பர் 22-ந் தேதி தென்காசி தனி மாவட்டமாக உதயமானது. கலெக்டரைப் பார்க்க நெல்லைக்கு அலைந்த காலம் போயிற்று. தென்காசியில் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் நிலைமை மோசம் என்றால் நெல்லை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத்தான் எழுதிக் கொடுப்பார்கள். தென்காசியில் இருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். பண்பொழியில் இருந்து இன்னும் தூரம். இருதயக்காரர்களும், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களும் மலையைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கிலோமீட்டரைப் பார்க்க வேண்டும்.

ரெயில் வசதி பரவாயில்லை. செங்கோட்டையில் சாயங்காலம் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. கொல்லம் லைனில் 1904 முதல் ஓடிய மீட்டர்கேஜ் ரெயில் 2010-ல் நின்று, அகலப்பாதையாகி 2018-ல் முழுசாகத் திறந்தது. மலைக்குகை வழியாகக் கேரளா போகலாம்.

கூட்டத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். சீசனில் குற்றாலம் ரோட்டில் வண்டி நகராது. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் கார்த்திகையில் அய்யப்ப பக்தர்கள் கூட்டம். டூரிஸ்டாக வருகிறவனுக்கு அது திருவிழா. பால் பாக்கெட் வாங்கப் போகிற உள்ளூர்க்காரனுக்கு அது தலைவலி.

வேலைக்குப் போகிற வயசுக்காரர்கள் இன்னொன்றும் யோசிக்க வேண்டும். சோஹோ மாதிரி ஒன்றிரண்டு கம்பெனியை நம்பி எல்லோரும் வந்துவிட முடியாது. இந்த ஊர்ப் பிள்ளைகளே வேலை தேடி சென்னைக்கும் கோவைக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். வீட்டில் இருந்தே வேலை என்று கம்பெனி இன்று சொல்லும், நாளைக்கு "ஆபீசுக்கு வா" என்று கூப்பிடும். அப்போது வீட்டுக்கடன் தவணையை மலையா கட்டும்?

ஒரு வருசம் வாடகை!

இத்தனையும் படித்துவிட்டு "அப்போ வேண்டாமா?" என்று கேட்கக்கூடாது. வேண்டும். ஆனால் அவசரம் வேண்டாம்.

ஆடிச் சாரலில் மட்டும் ஊரைப் பார்ப்பது, கல்யாணக் கோலத்தில் மட்டும் பெண்ணைப் பார்ப்பது மாதிரி. சித்திரை வெயிலில் அருவியில் தண்ணீர் சொட்டுப் போடும்போது பார்க்க வேண்டும். கார்த்திகை மழையில் ராத்திரி கரண்டு போய், தெருவில் தண்ணீர் ஓடும்போது பார்க்க வேண்டும். பேருந்து கடைசி டிரிப் எத்தனை மணிக்கு? மருந்துக்கடை எத்தனை மணிக்கு மூடும்? குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை? இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காரில் வந்து போனால் தெரியாது.

அதற்கு ஒரே வழி, ஒரு வருசம் வாடகைக்கு இருந்து பார்ப்பது. பண்பொழியிலோ, செங்கோட்டையிலோ, இலஞ்சியிலோ, தென்காசி டவுனிலோ ஒரு சின்ன வீடு. பட்டணத்து வீட்டை விற்க வேண்டாம், பூட்டி வைத்தால் போதும். பன்னிரண்டு மாதமும் ஊர் தன் முகத்தைக் காட்டிவிடும். பிடித்தால் பத்திரம் எழுதலாம். பிடிக்காவிட்டால் வாடகையோடு போயிற்று, பி.எப். பணம் பேங்கில் பத்திரமாக இருக்கும்.

"சீசன் முடியறதுக்குள்ள விலை ஏறிடும் சார்" என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். ஏறட்டும். குற்றால மலை எத்தனையோ ஆயிரம் வருசமாக அதே இடத்தில்தான் இருக்கிறது. இன்னும் ஒரு வருசம் காத்திருக்காதா என்ன?